மாவு அறையில் இருந்தவர்கள்

ஜனவரி 14

பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு மேல் அறையில் இருந்தவர்கள் இவர்கள். பாகு மாஸ்டர், கையில் நீளக் கரண்டியோடு. அவர் தம்பி ஒல்லி, ஏணி மேல். தட்டு தூக்குகிற அக்காளும் தங்கையும், கதவோரம். அச்சுப் பலகை முன்னால் என் தங்கை, உன் சித்தி. நான் படிக்கட்டில், பாதி ஏறினபடி. உன் அப்பா இல்லை; மொத்த வியாபாரியை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்தார். கேட்டில் வாட்ச்மேன், அவனும் அவன் ரேடியோவும்.

நீ கேட்டது இந்த நாளை இல்லை, தெரியும். கம்பெனி ஆரம்பித்த முதல் நாளில் யார் யார் இருந்தார்கள், பொன்விழா மலரில் போட வேண்டும் என்று கேட்டிருந்தாய். பேனாவை எடுத்தால் இந்த நாள்தான் முன்னால் வந்து உட்காருகிறது. நான் என்ன செய்ய? முதல் நாளை அப்புறம் எழுதுகிறேன். அது எங்கேயும் ஓடிவிடாது.

நான் சுகம் என்று எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் தங்கை சிரிப்பாள். முட்டி வலி சுகமாக இருக்கிறது, நான்தான் இல்லை. காது சுத்தமாகப் போய்விட்டது. போனை என் கையில் கொடுப்பதும் சுவரில் மாட்டுவதும் ஒன்று. அதனால்தான் கடிதம். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது நான் இல்லை, என் அப்பா. அதையும் நான் மறக்கவில்லை.

மருமகளையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல். உன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை விடாதே.

அம்மா

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கட்டட வேலை.

நீங்கள் எழுதிய ஆட்கள் எல்லாம் சரிதான், யாரும் விட்டுப்போகவில்லை. ஆனால் மலருக்கு அந்த நாள் வேண்டாம் அம்மா. மிட்டாய்க் கம்பெனி. படிப்பவர்களுக்கு வாய் இனிக்க வேண்டும். முதல் நாளை மட்டும் எழுதி அனுப்புங்கள்: அப்பா, நீங்கள், செப்புப் பாத்திரம், அந்த மாதிரி.

ஒரு நல்ல செய்தி. புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மாவு அறை வருகிறது. குலுக்கு மிட்டாயை மறுபடியும் போடப் போகிறோம். அந்த அறை முழுக்க உங்கள் பேத்தியின் பொறுப்பு. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. செப்டம்பர் விழாவில் பெரிய கொள்முதல்காரர்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கையையும் மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்

மார்ச் 3

பெரியவனுக்கு,

தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது. வலிக்கு அது தெரியவில்லை.

முதல் நாளை எழுதுகிறேன், எடுத்துக்கொள். வாடகை வீட்டின் பின்கட்டு. ஒரு செப்புப் பாத்திரம், ஒரு கருங்கல் மேடை. உன் அப்பா பாகு காய்ச்சினார், நானும் உன் சித்தியும் மேடையில் ஊற்றி, ஆறுவதற்குள் கத்திரித்தோம். முதல் பாகு கருகியது. இரண்டாவது கல்லில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை, உளியால் பெயர்த்தோம். உன் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உன் சித்தி ஒரு சில்லை வாயில் போட்டுக்கொண்டு, "மாமா, கல்லோட சேத்தே வித்துடலாம், எடை நிக்கும்" என்றாள். அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மூன்றாவது பாகு வந்தது. அதுதான் உன் கம்பெனி.

குலுக்கு மிட்டாய் அவள் கொண்டுவந்தது. உன் மலரில் யார் பேரைப் போடுகிறாய் என்று பார்க்கிறேன். மரத்தட்டு நிறைய சோள மாவைப் பரப்பி, ஒரே இழுப்பில் கோலால் சமன் செய்து, அச்சை அழுத்துவாள். மீன் வடிவம், நட்சத்திர வடிவம், குழி குழியாக விழும். அதில் பாகை ஊற்றினால் மாவு ஈரத்தைக் குடித்துக்கொண்டு மிட்டாயை இறுக வைக்கும். அப்புறம் மிட்டாயை உதறி எடுத்துவிட்டு மாவைச் சலித்து அங்கேயே அடுப்போரம் உலர்த்தி மறுபடி அதே தட்டில். வருஷக் கணக்காக அதே மாவு. காய்ந்து காய்ந்து, ஊதினால் புகை மாதிரி எழும்பும். மாடியில் வேலை செய்கிறவர்கள் இமை எல்லாம் வெளுத்துக் கீழே இறங்கினால், "மாவுப் பேய் வருது" என்று பொட்டலம் கட்டுகிற பெண்கள் கத்துவார்கள்.

ஆட்கள் எல்லாம் சரி, யாரும் விட்டுப்போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு ஆளை நான் வேண்டுமென்றே விட்டேன். நீ எடுத்துக் கொடுப்பாய் என்று பார்த்தேன்.

போகட்டும். புது மாவு அறையில் ஜன்னல் திறக்குமா? அடுப்பு எங்கே? பேத்தியை உள்ளே விடும் முன்னால் அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளிடம் சொல். முழுசாகச் சொல். எனக்கு மலர் வேண்டாம், விழா வேண்டாம். இது ஒன்று போதும்.

குளிர் போகவில்லை, காதை மூடிக்கொண்டு வண்டி ஓட்டு.

அம்மா

ஏப்ரல் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். முதல் நாள் பற்றி எழுதியது பிரமாதம், அப்படியே போடுகிறோம். கல்லோடு சேர்த்து விற்கிற பேச்சை மட்டும் எடுத்துவிட்டேன்.

மலரை எழுதுகிற பத்திரிகைக்காரர் அந்த விபத்தை முழுக்க விட முடியாது, ஊரில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும் என்கிறார். ஒரே வரி வருகிறது: 'ஒரு பணியாளர் அடுப்பை அணைக்கத் தவறிய கவனக்குறைவால் நேர்ந்த தீ விபத்திலிருந்தும் நிறுவனம் மீண்டெழுந்தது.' யார் என்று இல்லை. அப்பா அந்தக் காலத்தில் போலீஸில் சொன்னதும் இதுதானே.

புது அறை நவீனமானது. தூசி வராமல் கண்ணாடி முழுக்க அடைத்தது. கேஸ் அடுப்பு. கவலை வேண்டாம். பேத்தியிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகன்

மே 6

பெரியவனுக்கு,

நான் சுகமாக இல்லை. விசாரிக்காதே.

கவனக்குறைவு என்ற வார்த்தையை நான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் சித்தி தூங்கும்போது செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத் தூங்குகிறவள். அவளா மறந்தாள்?

நீ இந்தக் கதையைச் சொல்ல மாட்டாய் போலிருக்கிறது. நான் சொல்கிறேன், உனக்கே சொல்கிறேன்.

விட்டத்தில் படிந்த மாவை லீவு நாளில்தான் எடுப்போம். அடுப்பு அணைந்து, ஜன்னல் எல்லாம் திறந்து, ஈரத் துணியால். அது பாகு மாஸ்டர் போட்ட முறை. அன்றைக்கு லீவு இல்லை. வியாபாரி வருகிறார். ஒரு ஆள் மாடிக்கு வந்து நின்றான். இருபத்திரண்டு வயசு, புதுசாக மேனேஜர் நாற்காலி, சட்டைப் பையில் இரண்டு பேனா. "என்ன இது, விட்டமெல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி? கூட்டுங்க" என்றான்.

உன் சித்தி, "அடுப்ப அணைச்சுட்டுக் கூட்டறேன் ராசா" என்றாள்.

"அணைச்சா மறுபடி சூடேற மத்தியானம் ஆயிடும் சித்தி. வர்றவங்களுக்கு ரூம் ஓடுறதும் தெரியணும், பளபளன்னு இருக்கறதும் தெரியணும். ஜன்னலத் திறக்காதீங்க, மாவு நமுத்துடும்."

பாகு மாஸ்டர் ஏதோ முனகினார். "மாஸ்டர், நீங்க பாகைப் பாருங்க" என்றான். ஒல்லி ஒட்டடைக் கோலோடு ஏணியில் ஏறினான். அந்த ஆள் வாசலுக்குப் போக என்னைத் தாண்டிப் படியிறங்கினான். தலை எண்ணெய் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

அப்புறம் மேலே பேச்சே கேட்கவில்லை. கோல் உரசுகிற சத்தம் மட்டும். கஞ்சி போட்ட துணியை இஸ்திரி போட்டால் ஒரு வாசனை வருமே, அது வந்தது. நான் தலையைத் தூக்கினேன். கதவிடுக்கில் வெள்ளைப் புகை. புகை இல்லை, மாவு. அறை முழுக்க மாவு, காற்றே தெரியாமல். அது அடுப்பைத் தொட்டது. தீப்பிடித்தது என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். தீ அப்படிப் பிடிக்காது. அறையே ஒரே நொடியில் தீயாகிவிட்டது. கூரையைத் தூக்கிப் போட்டது. நான் படியோடு கீழே வந்தேன். என் காதில் முதல் பாதி அன்றைக்கே போய்விட்டது, அதை உன்னிடம் சொன்னதில்லை.

ஒல்லியும் உன் சித்தியும் போனார்கள். தட்டுக்காரிகள் கதவோரம் நின்றதால் பிழைத்தார்கள். பாகு மாஸ்டர் மாதக் கணக்கில் படுத்துக் கிடந்தார்.

உன் அப்பா ரயிலடியிலிருந்து வந்து பார்த்தார். உன்னையும் பார்த்தார். போலீஸிடம், "அடுப்ப அணைக்காம விட்டுட்டாய்யா என் மச்சினி" என்றார். அவள் வாயைத் திறந்து மறுக்கப் போவதில்லை. நானும் திறக்கவில்லை, எனக்கு இருந்த ஒரே ஆண்பிள்ளை நீ என்று. பல் முளைக்காத உனக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள். சுடுகிறதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உனக்குக் கொடுப்பாள்.

ஊருக்குச் சொல் என்று நான் கேட்கவில்லை. அந்த வரியைக்கூட வைத்துக்கொள். பேத்தியிடம் சொல்: அடுப்பு எரியும்போது மாவைத் தட்டாதே, ஜன்னலை அடைக்காதே, யார் வந்தாலும் சரி என்று. ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குத்தான் நீ பயப்படுகிறாய். தெரியும். இருந்தாலும் சொல்.

பதில் போடு.

அம்மா

ஜூலை 28

அம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம். நீங்கள் கேட்டதை அவளிடம் சொல்லிவிட்டேன். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். உங்கள் உடம்புக்கும் நல்லதில்லை.

விழாவுக்கு உங்களை அழைத்துவர வண்டி அனுப்பவா?

மகன்

ஆகஸ்ட் 25

அன்புள்ள பாட்டிக்கு உங்கள் மாவுப் பேய் எழுதுவது!

எப்படி இருக்கிறீர்கள்? முட்டி என்ன சொல்கிறது? விழாவுக்கு வண்டி அனுப்பினால் வர மாட்டேன் என்றீர்களாம். அப்பா முகம் தொங்கிப்போச்சு. எனக்காக வரக் கூடாதா?

மாவு அறை ஓட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. என்னோடு ஆறு பேர். அதில் சுருட்டை என்று ஒரு பெண், தலைமுடியைத் தொப்பிக்குள் அடைக்கவே கால் மணி ஆகும் அவளுக்கு. அச்சை அவள் அழுத்தினால் மீனுக்குச் செதில்கூட விழுகிறது பாட்டி! நேற்று என்னைப் பார்த்து, "மேடம், ஒங்க மூஞ்சியில இருக்கற மாவுல ரெண்டு தட்டு போடலாம்" என்றாள். மேடமாம்!

சின்னப் பாட்டி பற்றி அப்பா சொன்னார். பாவம், ஏதோ ஞாபகத்தில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்களாமே. நான் மறக்க மாட்டேன். எங்கள் அடுப்பு தானாக அணைகிற வகை.

விழா அடுத்த வெள்ளிக்கிழமை. அன்று காலை விட்டம், விளக்கு எல்லாம் தட்டிக் கூட்டி அறையைக் கண்ணாடி மாதிரி வைக்க வேண்டும் என்று அப்பா உத்தரவு. அடுப்பும் எரிய வேண்டுமாம். வர்றவங்களுக்கு ரூம் ஓடுறதும் தெரியணும், பளபளன்னு இருக்கறதும் தெரியணும்னு ஒரே பாட்டு. ஆறு பேரும் துடைப்பத்தோடு தயார்.

குலுக்கு மிட்டாய் ஒரு டப்பா அனுப்புகிறேன். அத்தைக்கும் மாமாவுக்கும் கொடுங்கள், நீங்களே தின்று தீர்க்காதீர்கள்.

உங்கள் பேத்தி

செப்டம்பர் 2

கண்ணு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நலம் விசாரிக்க நேரமில்லை.

அடுப்பு எரியும்போது மாவைத் தட்டாதே. உன் அப்பா சொன்னாலும் தட்டாதே. காய்ந்த மாவு காற்றில் எழும்பினால் அது வெடிமருந்துக் கிடங்கு. அடுப்பை அணை, ஆறட்டும், எல்லாக் கதவையும் திற, ஈரத் துணியால் துடை. வருகிறவர்கள் அழுக்கைப் பார்த்துவிட்டுப் போகட்டும். உன் சின்னப் பாட்டி எதையும் மறக்கவில்லை. அவளை அணைக்க விடவில்லை. யார் விடவில்லை என்று உன் அப்பாவைக் கேள்.

இது வெள்ளிக்குள் உன் கைக்கு வருமா தெரியாது. உன் மாமாவைக் கம்பெனிக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்திரம், பத்திரம்.

பாட்டி

செப்டம்பர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலம்தானே. உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

விழா தள்ளிவைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை மாவு அறையில் ஒரு சிறு தீ விபத்து. இரண்டு பேருக்குக் காயம். பேத்தி நன்றாக இருக்கிறாள், கையில் கொஞ்சம் பட்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் நல்ல கவனிப்பு. பயப்பட ஒன்றுமில்லை. அதிகாரிகள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். சுருட்டை என்கிற புதுப் பெண் அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறாள். கவனக்குறைவு.

பேத்திக்கு இப்போது கடிதம் எழுத வேண்டாம். மனம் நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்

அக்டோபர் 4

என் தங்கத்துக்குப் பாட்டி எழுதுவது.

இதைத் தபாலில் போடவில்லை. உன் மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். உனக்குக் கட்டு பிரிக்கிற வரைக்கும் அவரே பக்கம் பக்கமாகப் பிடித்துக் காட்டுவார். உன் அப்பா அறையில் இருந்தால் அவர் போகிற வரைக்கும் மாமா காத்திருப்பார்.

உன் மாமா போன வாரம் வந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டினார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் என்று. சுருட்டை மூன்றாம் நாளே போய்விட்டாள் என்று. காயம் என்று எழுதினான் உன் அப்பா. அவள் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, "எம்பொண்ணு அடுப்ப அணைக்கப் போனாளாம், வேணாம்னு சொல்லிட்டாங்களாம்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். யாரும் நின்று கேட்கவில்லையாம். நீ கேட்டிருப்பாய். நீ அந்த அறையில் இருந்தாய். யார் வேண்டாம் என்றார்கள் என்று உனக்குத் தெரியும்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். புதன்கிழமை மத்தியானம் உன் மாமா கம்பெனிக்குப் போன் போட்டார். உன் அப்பாதான் எடுத்தார். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் உன் மாமா சொன்னார்: அடுப்பு எரியும்போது கூட்ட வேண்டாம், ஜன்னலைத் திறக்கணும், பேத்தியை உள்ளே விட வேண்டாம். முழுசாகக் கேட்டுக்கொண்டாராம். அப்புறம், "சரி மாப்பிள்ளை, பாத்துக்கறேன், அம்மாவத் தூங்கச் சொல்லுங்க" என்றாராம். நான் தூங்கினேன். அந்த இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன்.

அவருக்கு நேரம் இருந்தது. மாடிக்கு ஏறி, "அடுப்ப அணைங்க" என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் அப்பா என்று நீ கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் உன் கையைக் கொடுத்தார், அந்தப் பெண்ணின் உயிரைக் கொடுத்தார்.

பெரிய அதிகாரி உன்னிடம் வாக்குமூலம் வாங்க வருவார் என்று உன் மாமா சொன்னார். உன் அப்பாவும் கூட வந்து உட்காருவார். "கம்பெனி போயிடும்மா, ஐம்பது வருஷம்" என்பார். என்னிடமும் உன் தாத்தா அப்படித்தான் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். என்ன கிடைத்தது என்று பார். கம்பெனி நின்றது, மறுபடியும் ஒரு அறை கட்டினார்கள், அதே துடைப்பம்.

நான் லேசில் மன்னிக்கிற ஆள் இல்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் இந்த வயசில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராக யோசித்துப் பார்த்தேன். முனகிவிட்டுப் பாகைப் பார்க்கத் திரும்பின மாஸ்டரை மன்னித்தேன். அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர். செத்தவள் மேல் பழி போட்ட உன் தாத்தாவை மன்னித்தேன். பிள்ளையைக் காப்பாற்றப் போட்டார். வாசலில் நின்று வியாபாரிக்குக் காத்திருந்த அந்த இருபத்திரண்டு வயசுப் பையனைக்கூட மன்னித்தேன். அவனுக்கு மாவைப் பற்றித் தெரியாது.

புதன்கிழமை போனை வைத்தவனுக்குத் தெரியும். அவன் ஒருத்தனை மன்னிக்க மாட்டேன், செத்த பிறகும் மாட்டேன். என் மூத்த பிள்ளை, உன் அப்பா.